நாலாவது ஆள்

பாரிமுனையில் ஒரு பழைய கிடங்குக் கட்டடம். அதன் உயரமான மேல்தளத்தில் தமீமின் வீடு இருந்தது. உள்ளே எத்தனை இதயங்கள் துடிக்கின்றனவோ, அதற்கேற்ப வீடே சுவர்களை நகர்த்திக்கொள்ளும். தமீமின் தம்பி கோவைக்குக் குடிபெயர்ந்ததும் அவன் அறை பக்கத்து வீட்டோடு சேர்ந்துவிட்டது.

அன்று காலை கூடத்துச் சுவர் மெல்ல விலகி, அங்கே ஒரு புது அறை முளைத்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த நூருன்னிசா அலறினாள்.

"என்னங்க, யாரோ உள்ள புகுந்துட்டாங்க!"

தமீம் துடைப்பத்தோடு கட்டிலடியெல்லாம் தேடினான். யாருமில்லை.

"எத்தனை பேர் இருக்கோம்?" என்று வீட்டிடம் கேட்டான்.

"நாலு பேர்" என்றது வீடு.

"நான், இவ, எங்க அம்மா. மூணு பேர்தானே!"

அவன் அம்மா ஜைத்தூன் மருமகளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, காப்பி வாசனையே புடிக்கலைன்னு சொன்னேல்ல?"

நூருன்னிசாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. எத்தனையோ வருடங்களாக எந்த மருத்துவரும் சொல்லாத செய்தி அது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஜைத்தூன் அவளைக் கட்டிக்கொண்டார்.

தமீம் கண்ணைத் துடைத்தபடி புது அறைக்குள் ஓடினான். அங்கே துறைமுகத்தைப் பார்த்தபடி ஆளுயர ஜன்னல் ஒன்று திறந்து கிடந்தது.

"நூரு, இதுக்கு இன்னைக்கே கம்பி போட்டுடணும்" என்று அங்கிருந்தே கத்தினான். "புள்ள ஏறிடும்!"