வாசலுக்கு வாசல் பட்டை

டிரைவர் இரண்டு பலகைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகையை எடை போடுகிறவர் போல நிதானமாகப் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையாட்டினார்.

"ரெண்டும் ஒரே சாயல்தான் மேஸ்திரி. கலந்தே போடுங்க, வித்தியாசம் தெரியாது."

தரை போட வந்த மேஸ்திரி ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஐயா, ஒண்ணு தேக்கு நிறம். இன்னொண்ணு சாம்பல். கடையில ஒரு பெட்டியை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு காட்டத்தான் கூப்பிட்டேன்."

டிரைவருக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. "தெரியாமலா? நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்" என்று சிரித்துச் சமாளித்தார். மேஸ்திரி அந்தப் பெட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நல்லவேளை, மனைவி அடுப்படியில் இருந்தாள்.

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தெருவில் இன்னமும் அதுதான் அவர் பெயர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன் என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். அப்பேர்ப்பட்ட கண்கள் கொஞ்ச காலமாக மங்கிக்கொண்டே வந்து, இப்போது எதிரில் நிற்பவர் முகம்கூட வெறும் நிழலாகத்தான் தெரிந்தது. இதைப் பற்றி அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

காரணம் மகள். போன தடவை வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கண்ணோ காலோ முடியாமப் போனாலும், அன்னைக்கே இந்த வீட்டைப் பூட்டிடுவோம். அப்பா என்கிட்ட, அம்மா தம்பிகிட்ட. ரெண்டு வீட்டுலயும் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு."

மனைவியின் சத்தம் கேட்காத வீட்டில் தனியாகப் படுத்துக் கிடப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய தரை இருந்தவரை எப்படியோ காலம் தள்ளினார். உடைந்த டைல் தட்டுப்பட்டால் குளியலறை, சொரசொரப்பு வந்தால் சமையலறை என்று பாதமே வழி சொல்லிவிடும். அந்தத் தரை வழுக்குகிறது என்று மகள்தான் வினைல் பலகை போட ஏற்பாடு செய்தாள். அவள் போனில் அனுப்பிய மாதிரிப் படங்களில் இரண்டாவது நன்றாக இருக்கிறது என்று டிரைவர் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார். கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூடக் குறை சொல்லும் மனைவி, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மகளிடம் அதிசயமாக ஒத்துக்கொண்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கின. பலகைகள் வீட்டின் சூட்டுக்குக் கொஞ்சம் பழகட்டும் என்று மேஸ்திரி அவற்றைக் கூடத்திலேயே அடுக்கிவிட்டுப் போனார். டிரைவர் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, சத்தம் வராமல் பல்லைக் கடித்தார். தைலம் எங்கே என்று கேட்டால் அது மனைவியின் கையில் இருந்தது.

"மூட்டு வலி. வயசாகுதில்ல" என்று அவளும் முழங்காலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இதோ, பலகைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கூடம் முழுக்கப் பரவிவிட்டன. டிரைவர் செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தார். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. கூடம் எங்கே முடிகிறது, சமையலறை எங்கே தொடங்குகிறது என்று பாதத்துக்குப் பிடிபடவே இல்லை.

மனைவி கூடத்துக்கு வந்ததும் மேஸ்திரி கேட்டார். "அம்மா, அறை வாசல்ல மேடா நிக்கிற பட்டை எதுவும் வைக்காம ஒரே இழுப்பா உள்ளே வரைக்கும் போட்டுடட்டுமா? பார்க்க அழகா இருக்கும்."

"வேண்டாம்ப்பா. வாசலுக்கு வாசல் பட்டை வைங்க. காலுக்கு நல்லாத் தட்டுப்படணும்."

"பட்டை வேண்டாம்னுதான்மா எல்லாரும் சண்டை போடுவாங்க."

"பரவாயில்லை, வைங்க."

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் தெரிந்துதான் பட்டை கேட்கிறாள். இனி மகள் காதில் போடுவதுதான் பாக்கி.

வேலை முடிந்து மேஸ்திரி சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்திய கையோடு மனைவி போனை எடுத்தாள்.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"சொல்லாதே." டிரைவர் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். "மறைச்சது தப்புதான். என் கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. உன் மூஞ்சிகூட எனக்குத் தெரியல. நீ பட்டை வைக்கச் சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். எவ்வளவு வேணா திட்டு. என்னை மட்டும் தனியா அனுப்பிடாதே."

போன் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் காலடியில்தான் கிடந்தது. ஆனால் புதுப் பலகையின் மேல் அவள் உள்ளங்கை எங்கெங்கோ தடவித் தேடும் சத்தம் கேட்டது.

"அந்தப் பட்டை உங்களுக்காக வைக்கலைங்க" என்றாள் அவள், தரையில் உட்கார்ந்தபடியே. "எனக்காக."

டிரைவரும் பக்கத்தில் உட்கார்ந்து, துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப இத்தனை நாளா நாம யாரை நம்பி ரோடு தாண்டினோம்ங்க?"