பயமே அறியாத சோலையம்மாள்

மருத்துவ உளவியல் எம்.பில். மாணவி அனுப்பிரியா, தன் ஆய்வுக்காகக் கேள்வித்தாளும் கையுமாக ஏழாயிரம்பண்ணை பட்டாசு கம்பெனிக்கு வந்திருந்தாள்.

“போன மாசம் பக்கத்து ரூம் வெடிச்சுதே, அப்புறம் தூக்கம் வருதாம்மா?”

“நல்லா வருது மேடம்” என்றாள், வெடிக்கு மருந்து அடைக்கும் சோலையம்மாள்.

“சத்தம் கேட்டா நெஞ்சு பதறுதா?”

“இல்ல மேடம்.”

“வேலைக்கு வரப் பயமா இருக்கா?”

“எதுக்குப் பயம்? சட்டப்படி ரூமுக்கு நாலு பேருதான் உக்காருதோம்.”

‘அபாரமான மன உறுதி! விபத்தின் பாதிப்பு துளியும் இல்லை’ என்று பரவசமாக எழுதிக்கொண்டு கிளம்பினாள் அனுப்பிரியா.

கார் மறைந்ததும் சோலையம்மாள் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

“இன்ஸ்பெக்டரம்மா போயிட்டாக! போர்மேன் சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சிட்டேன். எல்லாரும் வாங்க!”

வேலிக்கருவைப் புதரிலிருந்து ஒன்பது பேர் எழுந்து வந்து, அதே ரூமில் உட்கார்ந்தார்கள்.