முப்பத்திரண்டு குச்சி

"ஸ்கூட்டர் சாவியக் குடுங்க. லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. தக்காளிக் கூடையோட காரிமங்கலம் சந்தைக்கு இனிமே பஸ்ஸுல போக மாட்டேன்" என்றாள் கலைமதி.

புருசன் மாதவராஜ் மேசைமேல் இருந்த விளையாட்டுப் பலகையை அவள் பக்கம் தள்ளினான். முப்பத்திரண்டு குச்சி, நடுவில் ஒரு காலிக் குழி. ஒன்றை இன்னொன்று தாண்டிக் காலிக் குழிக்குப் போனால், தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். முடிவில் ஒன்றுதான் மிஞ்சலாம்.

"நாலு வருசமா தினமும் ஆடறேன், எனக்கே மூணு மிஞ்சுது. நீ ஒண்ணுல முடி, சாவி உனக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"முதல்ல இத ஓட்டு. அப்புறம் வண்டி ஓட்டலாம்."

கலைமதி உட்காரக்கூட இல்லை. குச்சிகள் மளமளவென்று குறைந்தன. நடுக்குழியில் ஒன்றே ஒன்று நின்றது.

"நீ ஆடி நான் பார்த்ததே இல்லியே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். தினமும் தோத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போறீங்க. திரும்ப அடுக்கறது யாரு? சும்மா அடுக்க அலுப்பா இருந்துச்சு. நடுவுல ஒண்ண வச்சு, தலைகீழா ஆடி, தாண்டற குழியில ஒரு குச்சிய வச்சு வச்சு ஒவ்வொண்ணா நிரப்புவேன். இப்ப அதையே திருப்பி ஆடினேன்."

சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"இனிமே நீங்களே அடுக்குங்க."