பருப்பு டப்பாவில் ஒரு பேட்டரி

சனிக்கிழமை சாயங்காலம் சந்திரமோகன் குளிக்கப் போனதும், ஹம்சா ஹாலில் நின்ற சைக்கிளிலிருந்து பேட்டரியைக் கழற்றித் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தாள்.

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஒரு கொக்கியை நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும். சார்ஜ் போடுவதற்காகக் கணவர் கழற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை அனந்தகிரி மலையில் சைக்கிள் ரேஸ். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று இந்த வருஷம்தான் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அதற்காக அவர் எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் மலையேறிப் பழகினார், இனிப்பைத் தொடவில்லை.

ஹம்சாவின் கவலை வேறு. போன வருஷம் ஷாமீர்பேட்டைப் பக்கம் பாறையில் உருண்டு அவருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. தெரியாத நம்பரிலிருந்து யாரோ தெலுங்கில் பேசி, ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே, அவர் வீட்டில் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

எலும்பு கூடியதும் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவரோ புது சைக்கிள் வாங்கி வந்தார்.

பின்சக்கரத்துக்கு மேலே உள்ள ஷாக் அப்சார்பரைத் தட்டிக் காட்டி, அரைமணி நேரம் விளக்கினார். முன்சக்கரம் கல்லில் ஏறியதுமே ஒயர் இல்லாமல் பின்னால் தகவல் போய்விடுமாம். ஷாக் தானாகவே இளகிக்கொடுக்குமாம். மேடு ஏறும்போது தானாகவே இறுகிக்கொள்ளுமாம்.

"மூளையே இதுக்குள்ளதான் இருக்கு, ஹம்சா."

"அப்ப ஓட்டறவருக்கு வேண்டாமாக்கும்?"

அவர் சிரித்தார். எல்லாம் இந்தக் குட்டி பேட்டரியால்தான் நடக்கிறது என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஹம்சாவுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பேட்டரி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தொட்டவர் அப்படியே நின்றார். குனிந்து தடவிப் பார்த்தார். சார்ஜர் வைக்கும் டிராயர், செருப்பு ஸ்டாண்டு, சோபாவின் அடி என்று தேடினார்.

ஹம்சா திரும்பாமல் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ கொதித்துவிட்டது.

"சைக்கிள் பேட்டரியைப் பார்த்தியா?"

"எந்த பேட்டரி? நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?"

அவர் எட்டி அடுப்பை அணைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கூட ரேஸுக்குப் போக இருந்த ஆண்டனியோடு பேசினார் போலிருக்கிறது. தாழ்ந்த குரலில் என்னென்னவோ சொன்னார். "வண்டி நகராது ஆண்டனி, நீ கிளம்பு" என்றது மட்டும் அடுப்படிக்குக் கேட்டது.

உள்ளே வந்து ஷூவைக் கழற்றினார். நம்பர் குத்திய பனியனை மடித்து பீரோவில் வைத்தார். இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்டார்.

ஹம்சா வெண்பொங்கல் வைத்தாள். மனசு கேட்காமல் கேசரியும் கிண்டினாள். அவர் ரசித்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முப்பது வருஷமாக இன்ஜினீயர். ஒரு தீப்பெட்டி அளவு சாமானில் அடங்கிவிட்டாரே!

நாளைக்குப் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் கிடைத்ததாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

சாயங்காலம் அவர் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் ஆண்டனி வந்தார். திருமுல்கேரிக்காரர்; தமிழில் அந்த ஊர் உருதுவும் கலக்கும். கழுத்தில் மெடல் தொங்கியது.

"மூணாவது இடம், சிஸ்டர். சார் வந்திருந்தா எனக்கு நாலாவதுதான் கிடைச்சிருக்கும்" என்று சிரித்தார்.

ஹம்சாவுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன செய்வது, பேட்டரி இல்லாமல் வண்டி நகராதாமே என்றாள்.

"போன்ல எங்கிட்டயும் அப்படித்தான் சத்தமாச் சொன்னார். ஆனா மிதிச்சாப் போகும் சிஸ்டர், சைக்கிள்தானே அது. பின்னாடி ஷாக் மட்டும் ஒரே மாதிரி நிக்கும். இடுப்பு கொஞ்சம் வலிக்கும்."

ஹம்சா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அதுவும் வேணாம், என் பையிலேயே ரெண்டு ஸ்பேர் பேட்டரி இருந்தது. காலையில உங்க கேட்டுக்கு வெளியே நின்னுதான் போன் பேசினேன். மேல வந்து குடுத்துடறேன்னு சொன்னா, நக்கோ, வேணாம், வராதேன்னுட்டார். நான் விடலை. எட்டு மாசமா உயிரைக் கொடுத்து மிதிச்சீங்களே, எதுக்கு இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எட்டு மாசமா சனிக்கிழமை ராத்திரி தூங்காத ஒரு ஜீவன், பேட்டரி இல்லேன்னா நான் போகமாட்டேன்னு நம்பி நேத்துதான் அசந்து தூங்கிச்சு, அந்த நம்பிக்கையை நான் உடைக்க வேணாம்'னார்."

ஆண்டனி தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் விளங்கலை. வீட்டுக்குச் சின்னக் குழந்தை யாராவது வந்திருக்கா, சிஸ்டர்?"