கொட்டாஞ்சேனைப் பற்கள்

பல் வைத்தியர் சவுந்தரநாயகத்துக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளவத்தைக் கிளினிக்கில் ஏசியை முழு வேகத்தில் போட்டும் வியர்த்தது.

பல்லடைக்கும் பசை ஒன்றை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தார். கூச்சமே இல்லாமல் அதற்குத் தன் பெயரையும் வைத்திருந்தார்: சவுந்தராபில். ஐந்து வருடங்களுக்கு முன்பு கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபம் ஒன்றில் இலவச முகாம் நடத்தி, சொத்தைப் பல்லோடு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் கொண்டே அடைத்தார். அவர்கள்தான் ஆராய்ச்சி. இன்று அவர்களைத் திரும்ப அழைத்து எக்ஸ்ரே எடுக்கிறார்.

முடிவைப் பார்க்க, பல் மருத்துவச் சாமான்கள் தயாரிக்கும் கம்பனியொன்றிலிருந்து சுரேகா என்ற அதிகாரி வந்திருந்தாள். அவளுக்குத் திருப்தியென்றால் ஒப்பந்தம். இல்லையென்றால் சவுந்தரநாயகம் கடைசிவரை வெறும் பல் பிடுங்குகிறவர்தான். அறுபது வயதில் அந்த நினைப்பு அவருக்குப் பெரிய வலி. அதை விறைக்க வைக்க அவரிடம் ஊசி இல்லை.

புது மெஷின் பல்லைப் படம் பிடித்ததும் கணினி தானாகவே நோயைத் தேடும். குறை ஏதும் இல்லையென்றால் பச்சைப் புள்ளி போடும். காலையிலிருந்து எல்லாமே பச்சை.

"ஐஞ்சு வருஷம், மிஸ்! ஒரு வெடிப்பு இருக்கா? ஒரு கசிவு இருக்கா? மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது."

"உண்மையாவே நம்பேலாமக் கிடக்கு, டொக்டர். இடையில செக் பண்ணினீங்களா?"

"போன்ல கேக்கிறனான். எல்லாரிட்டயும் ஒரே பதில்தான். 'நல்லா இருக்கு டொக்டர்.'"

கதிரையில் இருந்த யோசெப்பின் என்ற அம்மா, துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கடைவாய்ப் பல்லுக்கும் பச்சை விழுந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்.

"ஸாலிஹ் டொக்டரும் பல்லு நல்லா இருக்கெண்டுதான் சொன்னவர்."

சவுந்தரநாயகத்தின் முகம் மாறியது. ஸாலிஹ், கொட்டாஞ்சேனையில் கிளினிக் வைத்திருக்கும் இளைஞர். ஒரு மாநாட்டில் நூறு பேருக்கு முன்னால் எழுந்து, 'இந்தப் பசையில் என்னதான் கலக்கிறீர்கள்?' என்று கேட்டவர். அன்று தொட்டு அந்தப் பெயரைக் கேட்டாலே சவுந்தரநாயகத்துக்கு ஆகாது.

"அவனிட்ட ஏன் போனீங்க?"

"சும்மா... காட்டத்தான்."

"இந்தப் பல்லில கை வைச்சவனா?"

யோசெப்பின் தடுமாறினார். "ஓம்... கொஞ்சம் சுரண்டினவர்."

"சுரண்டினதை என்ன செய்தவன்?"

"சின்னத் தட்டொண்டில எடுத்து வைச்சவர்."

"பாத்தீங்களா மிஸ்!" சவுந்தரநாயகம் கிட்டத்தட்டக் கூத்தாடினார். "என்ட போர்முலாவை என்ட நோயாளியின்ட வாய்க்குள்ளயே பூந்து களவெடுத்திருக்கிறான்!"

விறுவிறுவென்று வெளியே போய், காத்திருந்தவர்களைப் பார்த்து அதட்டினார்.

"ஆரெல்லாம் ஸாலிஹிட்டப் போய்ப் பல்லைச் சுரண்டக் குடுத்தனீங்க? கையைத் தூக்குங்க!"

முதலில் மூலையில் இருந்த பிறெடி என்பவர் பாதிக் கையைத் தூக்கினார். பிறகு ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளைப் போல ஒவ்வொருவராக எல்லோருமே தூக்கினார்கள். ஒருவரும் டொக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தளவு பெரிய களவு என்றதும் சவுந்தரநாயகத்துக்குக் கோபத்தை விடப் பெருமைதான் பொங்கியது. உதவாத சாமானை எவனாவது இத்தனை வாய்க்குள் புகுந்து திருடுவானா? சுரேகாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒப்பந்தத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

சப் இன்ஸ்பெக்டர் கஜீவனுக்கும் சவுந்தரநாயகம்தான் பல் வைத்தியர் என்பதால், பொலிஸ் ஜீப் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்தது. போனில் வரச்சொல்லப்பட்ட ஸாலிஹும் வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்.

"இவையின்ட பல்லைச் சுரண்டினது நீங்களா?" என்று கேட்டார் கஜீவன்.

"ஓம் சேர். நான்தான் சுரண்டின."

"எல்லாரின்டயுமா?"

"எல்லார்ட பல்லும்தான்."

"என்னத்துக்கு?"

ஸாலிஹ் சவுந்தரநாயகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அத நான் சொல்ல ஏலா, சேர். டொக்டர் எனக்கு மூத்தவர்."

"எப்பிடிச் சொல்லுவான்? கள்ளன்!" சவுந்தரநாயகம் துள்ளினார். "இவன்ட லைசென்ஸைப் பறிக்காமல் விடமாட்டன். மிஸ், நீங்க சைன் பண்ணுங்க. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

சுரேகா பேனாவைத் திறந்தாள். கஜீவன் ஸாலிஹின் தோளில் கை வைத்து, "அப்ப ஸ்டேஷனுக்குப் போய்க் கதைப்பம்," என்று வாசல் பக்கம் திருப்பினார். கொட்டாஞ்சேனைக்காரர் எல்லோரும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் யோசெப்பின்தான் கஜீவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, அந்தப் பிள்ளையை விடுங்கோ! டொக்டர் வைச்சது அந்த வருஷக் கிறிஸ்மஸ் கேக்கோடயே எங்க எல்லாருக்கும் கழண்டு விழுந்திட்டுது. ஒட்டிக்கிடந்த மிச்சத்தைச் சுரண்டிப்போட்டு, இப்ப பச்சை விழுற அவ்வளவையும் வைச்சது இவர்தான். டொக்டருக்கு மனம் நோகுமெண்டுதான் நாங்க ஒருத்தரும் சொல்லேல்ல."