இரண்டு மணி நாலு நிமிடம்

கிளிநொச்சி வெயில் யன்னல் வழியே மேசைமேல் விழுந்து கிடக்கிறது. அந்த வெயிலுக்குள், விலைமனுக்கள் போடும் டென்டர் பெட்டி, பூட்டும் சிவப்பு அரக்குமாக இருக்கிறது. செய்மதி ஆய்வுக்கூடத்தின் கொள்வனவு அதிகாரி பத்மாசனியின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரியில், கையில் அடங்கும் அரை றாத்தல் பாண் அளவில் மாணவர்கள் செய்த செய்மதி. அதை ரொக்கெற்றில் ஏற்றித்தரக் கம்பனிகளிடம் விலை கேட்பது இது மூன்றாம் தரம். எதிரே வெளிநாட்டுக் கம்பனியின் முகவர் கஜரூபன், சப்பாத்தெல்லாம் புழுதியாக, ஒட்டிய கடித உறையை நீட்டுகிறான். "பூநகரியிலை பஸ் நிண்டுபோச்சு, மிஸ். நாலு நிமிசம்தானே." "ரண்டு மணியோடை முடிஞ்சுது. கொண்டுபோங்கோ." "உங்கடை மணிக்கூட்டைப் பாத்தே ரொக்கெற் போகுது?" "ரொக்கெற் ஆருக்காகவும் ஒரு செக்கன் நிக்காது." உறை மேசையில் வந்து விழுகிறது. பத்மாசனி அதைக் கையால் தொடாமல் கோடு போடும் அடிமட்டத்தால் அவன் பக்கம் தள்ளிவிடுகிறார். பிறகு அரக்கை உடைத்து, பூட்டை நீக்கி மூடியைத் திறக்கிறார். இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு கடதாசியும் இல்லை. காற்றாடி கடகடக்கிறது. கஜரூபனின் உதட்டில் சிரிப்பு ஊறுகிறது. "இப்ப என்ன செய்யப் போறீங்கள்?" பத்மாசனிக்குக் காது சுடுகிறது. அலுமாரிப் பக்கம் திரும்பாமல் பதிவேட்டை விரிக்கிறார். 'கிடைத்தவை: இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனையை அவனிடம் நீட்டுகிறார். "பெட்டி திறக்கேக்கை நிண்டனீங்கள்தானே? சாட்சிக் கையெழுத்தை வையுங்கோ."