மூன்று நிமிடத்துக்குப் பிறகு

பொதுமக்கள் பேசுவதற்கான மூன்று நிமிடம் முடிந்து, மைக்கின் சிவப்பு விளக்கு அணைகிறது. வினிஃப்ரெட் தோர்ப் உட்காரவில்லை. கவுண்டி கவுன்சில் கூடத்தின் உயரமான சன்னல்களில் மழை வழிகிறது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அவருடைய ஈரக் கோட்டு மினுங்குகிறது. எங்கள் ஸ்டெல்பி கிராமத்துக்கு வரும் ஒரே பஸ்ஸை நிறுத்துவதா என்று இன்று முடிவெடுக்கப்போகிறார்கள். அவர் கணவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவது அதில்தான். "மைக்கை அணைச்சா எனக்குத் தொண்டை இல்லாமப் போயிடுமா?" என்று கத்துகிறார். "உட்காருங்க, மிசஸ் தோர்ப். உங்க நேரம் முடிஞ்சிடுச்சு," என்கிறார் தலைவர். "என் வீட்டுக்காரர் நேரத்தையும் நீங்களே முடிச்சிடுவீங்க போலிருக்கு!" மேசையைச் சுற்றி யாரும் நிமிரவில்லை, பிஸ்கட் தட்டு மட்டும் கைமாறுகிறது. ஓட்டெடுப்பு தொடங்குகிறது. பஸ்ஸை நிறுத்துவதற்கு ஆதரவாக எழும் கைகளில் ஒன்று எங்கள் பகுதிக் கவுன்சிலர் டெஸ்மண்ட் ஃபெல்லுடையது. தேர்தலுக்கு முன் வினிஃப்ரெட்டின் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே, "நான் இருக்கற வரைக்கும் பஸ் ஓடும்" என்று சொன்னவர். இப்போது அவர் கை தோளைத் தாண்டவில்லை. "நல்லாத் தூக்குங்க, டெஸ்மண்ட்! எங்க வீட்டு டீக்கோப்பையை இதைவிட உயரமாத் தூக்கினீங்களே!" கை பாதி இறங்குகிறது. எண்ணிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தி, "மிஸ்டர் ஃபெல், உங்க கையைச் சேத்துக்கறதா, வேண்டாமா?" என்று கேட்கிறார். கூடமே அவரைப் பார்க்கிறது. டெஸ்மண்ட் முன்னாலிருக்கும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை முழுதாக உயர்த்துகிறார்.